பாரா டைபாய்டு

ஐந்தாம் வகுப்புக் கோடை விடுமுறையில் எனக்கு டைபாய்டு வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது யார் என்று எங்கள் வீட்டில் ஒரு தீர்ப்பு சொல்லப்பட்டது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பாத்திரம் தேய்க்க ஓர் அக்கா வருவார். அப்பாவுக்குச் சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை, அக்காவின் கணவருக்கு அங்கேயே கான்ட்ராக்ட் வேலை. அவர்கள் வீடு நகரியத்துக்கு வெளியே. விடுமுறை நாட்களில் மகளையும் கூட்டிக்கொண்டு வருவார். அவளுக்கும் என் வயதுதான். அக்கா வேலையை முடிக்கும் வரை நாங்கள் இருவரும் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் கடை வைத்து விளையாடுவோம். அம்மா சுத்தத்தில் படு கறார். அக்காவுக்கும் மகளுக்கும் தனி டம்ளர் வைத்திருந்தார். அது சமையலறைக்குள் வராது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும்.

காய்ச்சல் முதலில் எனக்குத்தான் வந்தது. சாயங்காலமானால் ஏறும். நாக்கில் மாவு பூசினாற்போல் ஆகி, சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. மாத்திரைக்கு இறங்கவில்லை என்றதும் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று சில நாள் வைத்துப் பார்த்து, டைபாய்டு என்றார்கள். அசுத்தமான தண்ணீர், சாப்பாடு வழியாகத்தான் இந்தக் கிருமி வயிற்றுக்குள் போகும் என்று விளக்கிய டாக்டரம்மா, "வெளியில ஏதாவது வாங்கிக் குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"அந்தப் பழக்கமே எங்ககிட்ட இல்லைங்க டாக்டர். எங்க போனாலும் தண்ணிகூட வீட்லருந்துதான் கொண்டு போவோம்" என்றார் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருவதிகையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் ஐஸ் போட்ட கரும்பு ஜூஸ் வாங்கித் தந்ததே அம்மாதான். தன் டம்ளருக்கு இன்னும் கொஞ்சம் ஐஸ் கேட்டு வாங்கியதும் அம்மாதான். "அன்னிக்குக் கரும்பு ஜூஸ்..." என்று ஆரம்பித்தேன். தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. நான் அழுததைப் பார்த்து, ஊசிக்குப் பயப்படுகிறேன் என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டார்.

நான் கஞ்சியும் ரொட்டியுமாகப் படுத்திருந்த நாட்களில் அக்காவின் மகளுக்கும் காய்ச்சல் கண்டது. அம்மா தேடிக்கொண்டிருந்த குற்றவாளி கிடைத்துவிட்டாள்.

"அவதான் கொண்டாந்து ஒட்டவெச்சிருக்கா" என்று அப்பாவிடம் சொன்னார்.

"எனக்குத்தானேம்மா முதல்ல வந்துச்சு?" என்றேன்.

"அவளுக்கு உள்ளுக்குள்ளயே இருந்திருக்கும். நீ பேசாம படு."

தனி டம்ளரைத் தாண்டி அது எப்படி என்னிடம் வந்தது என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. அப்பா ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இந்த மாதிரி நேரங்களில் அவருக்கு எப்போதும் ஷிஃப்ட் இருக்கும்.

அக்காவை மறுநாளே நிறுத்தினார்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. எங்கள் தெருவில் இன்னும் சில வீடுகளிலும் அக்கா வேலை செய்துகொண்டிருந்தார். அம்மா வேலியோரம் நின்று, "பிள்ளைங்க இருக்கிற வீடு, பாத்துக்கோங்க" என்று ஒவ்வொருவரிடமும் அக்கறையாகச் சொன்னார். டைபாய்டு பரவத் தண்ணீராவது வேண்டும். இதற்கு அதுகூடத் தேவைப்படவில்லை. அந்த வாரமே எங்கள் தெருவில் அக்காவுக்கு ஒரு வீடும் இல்லாமல் போயிற்று. எங்கள் எல்லோருடைய எச்சில் தட்டையும் கழுவியவர் அவர். எங்களிடமிருந்து அவருக்கு ஏதாவது ஒட்டியிருக்குமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாம் படித்த வீடுகள்தான்.

எனக்குக் காய்ச்சல் விட்டு, எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தேன். ஒருநாள் காலையில் அக்கா எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். அம்மா வாசலுக்குப் போனார். ஆனால் கேட்டைத் திறக்கவில்லை.

"கடலூருக்கு இட்டுக்கினு போயி ரத்தம் குடுத்துப் பாத்தோம்மா. அவளுக்கு டைபாய்டு இல்லியாம். பாரா டைபாய்டாம்."

"பாராவோ கீராவோ, டைபாய்டுதானே. நான் சொன்னது சரியாப் போச்சா?"

"இல்லம்மா. அது வேறயாம். டாக்டருகிட்ட நல்லா கேட்டுக்கினுதான் வந்தேன். பாப்பாவுக்கு வந்தது வேற, எங்க புள்ளைக்கு வந்தது வேற."

"சரி, உடம்பப் பாத்துக்கச் சொல்லு. இங்க வேற ஆள் வெச்சாச்சு" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே வந்துவிட்டார்.

 அக்கா ஜன்னலில் என்னைக் கண்டு, "இப்ப நல்லா சாப்புடுறியா பாப்பா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் போய்விட்டார்.

அன்று முழுக்க எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் அது அந்த வார்த்தையின் மேல். அத்தை பாராமுகமாக இருக்கிறார் என்று அம்மா அடிக்கடி குறைப்படுவார். அதனால் பாரா என்றால் பார்க்காதது என்று எனக்குத் தெரியும். அப்படியானால் பாரா டைபாய்டு என்பது யாரும் திரும்பிப் பார்க்காத டைபாய்டு. பெர்மனென்ட் வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் டைபாய்டு, கான்ட்ராக்ட் வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் பாரா டைபாய்டு. காய்ச்சலில்கூடவா இப்படிப் பிரிப்பார்கள் என்று பொருமிக்கொண்டே தூங்கிப்போனேன்.

போன வருஷம் என் மகனுக்கு டைபாய்டு தடுப்பூசி போடப் போயிருந்தேன். "ஊசி போட்டாச்சுன்னு விட்டுடாதீங்க. தண்ணியக் காய்ச்சிக் குடுங்க, கை கழுவச் சொல்லுங்க. இது பாரா டைபாய்டத் தடுக்காது. அது வேற கிருமி" என்றார் டாக்டர். ஒரு பிள்ளைக்கு டைபாய்டும் இன்னொரு பிள்ளைக்குப் பாரா டைபாய்டும் வந்தால், ஒன்று மற்றதற்கு ஒட்டவைத்ததாக இருக்குமா என்று கேட்டேன்.

"சான்ஸே இல்லைங்க" என்றார்.

அக்கா அன்று வேலை கேட்டு வந்ததாகத்தான் நான் நினைத்திருந்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்துப் பதில் சொன்னார். கேட்டுக்கு வெளியே நின்று அக்கா சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாக இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அவர் வேலை கேட்கவே இல்லை.