கம்பளிக்குள் பெரட்டுத் தப்பு

இது கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் இலங்கை மலையகத்து நோட்டன் பிரிட்ஜுக்கு பஸ் ஏறுங்கள். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கும் மேல்கணக்கு லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போன மார்கழியில், பட்டப்பகலில், தோட்டமே காதால் கேட்ட சங்கதி இது.

அந்த லயத்தின் கடைசி அறையில், அதாவது காம்பராவில், வினோதா ஓர் ஆவணக் காப்பகம் வைத்திருக்கிறாள். ஆவணம் என்றால் தொரைமார் படம் இல்லை. நம் சனம் புழங்கிய கொழுந்துக் கூடை, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவின் தொட்டில், மண்ணெண்ணெய் விளக்கு. எல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கிக் கெஞ்சிக் கேட்டுச் சேர்த்தவை.

அன்று பகல் மூன்று மணிக்குத் தோட்டத்து கிளாக்கர் நிரஞ்சன் லொறியோடு வந்து நின்றான்.

"தொரை ஓடர் போட்டுட்டாரு. இங்க தேயிலைக்குப் போடுற ஒர மூட்டை அடுக்கணும். இந்தக் குப்பையெல்லாம் இன்னைக்கே கொளுத்தணும்."

வினோதாவுக்கு உச்சி மண்டை கொதித்தது.

"என்னையும் சேத்துக் கொளுத்திட்டு அடுக்குங்க!"

கதவை அறைந்து சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டாள். வெளியே பனிமூட்டம். உள்ளே அவள் மட்டும்.

முதலில் வாசனை வந்தது. காய்ந்த சருகு எரியும் வாசனை. கொளுத்தவே தொடங்கிவிட்டார்களா, பாவிகள்? ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். எங்கேயும் நெருப்பு இல்லை.

பிறகு மூலையில் ஒரு சத்தம்.

டப்...

அங்கே ஒரு கம்பளி மூட்டை. முந்தின நாள் ஆண்டியப்பன் என்ற பெரியவர் கொடுத்துவிட்டுப் போனது. அந்தக் காலத்தில் விடியற்காலையில் ஆட்களை, பேர் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு வேலைக்குக் கூப்பிட அடித்த தப்புப் பறை உள்ளே இருப்பதாகச் சொன்னார். மூட்டையின் முடிச்சை அவள் இன்னும் அவிழ்க்கவில்லை.

டப்... டப்...

நெருப்பில் காய்ச்சாத தப்பு இந்தக் குளிரில் சத்தமே தராது. இதுவோ கணீரென்று...

டங்! டங்! டங்டங்டங்!

கதவு அதிர்ந்தது.

"யாரும்மா உள்ள அடிக்கிறது?" நிரஞ்சன் வெளியிலிருந்து கத்தினான்.

"யாருமில்ல!"

கம்பளி அசையவில்லை. முடிச்சு அப்படியே இருந்தது. சத்தம் மட்டும்...

நின்றது.

கதவைத் திறந்தாள். பனிக்குள் லயத்துச் சனம் அத்தனையும் நின்றது. மலையில் கொழுந்து பறித்தவர்களும் கூடையோடு இறங்கியிருந்தார்கள். முன்னால், கொழுந்து பறிக்கும் மீனம்மா.

"பெரட்டுத் தப்பு கேட்டுச்சு. வந்துட்டோம். என்னா நடக்குது இங்க?"

வினோதா சொன்னாள். மீனம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, லொறிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்க பொருளு குப்பையா? ஏத்துடா பாப்போம், லொறிய எம் மேல!"

எல்லாரும் உட்கார்ந்தார்கள். லொறி வெறுமையாகத் திரும்பிப் போனது. காம்பரா இன்றுவரை வினோதாவிடம்தான் இருக்கிறது.

சனம் கலைந்த பிறகு அவள் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள்.

உள்ளே வெறும் மரவளையம். தோலே இல்லை.

வளையம் கையைச் சுட்டது.

ஆண்டியப்பனுக்கு ஃபோன் போட்டாள்.

"தோலா? அது ஏதும்மா! அந்தத் தப்ப அடிச்ச எங்க பாட்டனோட மக செத்த அன்னைக்கும் பெரட்டுக்கு அடிக்கச் சொன்னான் அந்தக் காலத்துத் தொரை. பாட்டன் அவன் கண்ணு முன்னாடியே தோலக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டாரு. 'இனிமே அடிச்சா எஞ் சனத்துக்குத்தான் அடிப்பேன்'னாரு. சாகுற வரைக்கும் அடிக்கவே இல்லம்மா."