செத்த சிப்பாயின் மோவாய்

சினிமாவில் தப்பு கண்டுபிடிப்பதில் எங்கள் ஊரில் எனக்கு இணையாக ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு. கடைக்குப் போனால் சாமான் பெயரை வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டு, கடைக்காரர் இரண்டாம் தடவை கேட்டால் திரும்பி வந்துவிடுகிறவள் நான். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்துப் பழக்கமில்லை. கையையும் காலையும் முந்தானையையும்தான் பார்ப்பேன். சினிமாவிலும் அதே பழக்கம். எல்லாரும் கதாநாயகியின் கண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சற்று முன் வலது கையில் இருந்த வளையல் இடது கைக்கு மாறிவிட்டதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கத்திச் சண்டை, புதையல், குதிரை என்று வரும் படங்கள்தான் எனக்குப் பிடிக்கும். அவற்றில்தான் தப்பு நிறைய. கதாநாயகன் ஆற்றில் குதித்து நீந்திக் கரையேறுவான், உடம்பெல்லாம் சொட்டும். அடுத்த நிமிஷம் குதிரையில் ஏறும்போது சீவிவிட்ட தலைமுடி காற்றில் பறக்கும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இளவரசியின் தோளில் அம்மை குத்திய தழும்பு வட்டமாகத் தெரியும். ராஜா வேட்டைக்குப் போகிற காடு முழுக்கச் சீமைக் கருவேலம். அந்த விதையை எங்கள் ஏரிக்கரையில் தூவியதை என் அப்பாவே பார்த்திருக்கிறார். ஒரு படத்தில் சோழநாட்டுப் படை கூடாரம் அடித்த இடம் மல்லாட்டைக் கொல்லை, நிலக்கடலையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். மல்லாட்டைக்குக் களை எடுத்த கை என்னுடையது, அந்த இலை எனக்குத் தெரியாதா? அது கப்பலேறி வந்த பயிர் என்று ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

கூட்டேரிப்பட்டு டூரிங் டாக்கீஸுக்கு நானும் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவியும்தான் சேர்ந்து போவோம். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். நான் அவர் காதில் கிசுகிசுப்பேன். அவர் அதை ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லுவார்.

"அய்ய, ராஜாவுக்குப் பின்னால கரண்டு கம்பம் நிக்குது பாருங்கம்மே!"

பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிக்கும். நடுவில் இடுப்பளவு மண்சுவர். அதற்கு அந்தப் பக்கமிருந்து ஆண்கள், "படம் பாக்க வுடுங்கம்மே, பேஜாரு புடிச்சவங்களே" என்று கத்துவார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். கத்தியது அக்காதானே, எனக்கென்ன?

எண்பதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம், அனந்தபுரம் சந்தைக்கு மாடு பார்க்கப் போன என் வீட்டுக்காரர் மாடு வாங்காமல் ஒரு சேதியோடு வந்தார். செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளில் சினிமா எடுக்கிறார்களாம், படை வீரனாக நிற்க ஆள் வேண்டுமாம். அறுவடை முடிந்து சும்மா இருந்த நேரம். மறுநாள் காலையில் முகம் மழித்துக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி கிளம்பிப் போனார். சாயந்திரம் வந்து கால் கழுவும்போதே சொன்னார்.

"நான் செத்துட்டேன்."

"இன்னாங்க இது, விளக்கு வைக்கிற நேரத்துல?"

"நெசமாத்தான். வேலால குத்திட்டாங்க. பாறை மேல மல்லாக்கக் கெடந்தேன், வெயில்ல முதுகு வெந்துபோச்சு. அடுத்த தபா கூப்புடும்போது கோட்டை மேல ஏறணுமாம்."

"செத்தவரு எப்டிங்க ஏறுவாரு?"

"அதெல்லாம் அவங்க கணக்கு. கடைசிய மொதல்ல எடுப்பாங்களாம், மொதல்ல வர்றத கடைசில எடுப்பாங்களாம். அப்பால ஒட்ட வச்சிக்குவாங்களாம்."

எத்தனையோ வருஷமாக எனக்குப் புரியாமல் இருந்தது அன்றைக்குப் புரிந்தது. நனைந்த தலை ஏன் காய்ந்தது, வளையல் ஏன் கை மாறியது என்றெல்லாம் ஒரே வார்த்தையில் விளங்கிவிட்டது.

அடுத்த தபா என்பது சித்திரையில்தான் வந்தது. அதற்குள் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. கரகம் எடுத்து முதலில் தீக்குழியில் இறங்குகிறவர் என் வீட்டுக்காரர்தான். அவருக்கு முன் அவர் அப்பா. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டால், தீ மிதித்து முடித்துக் கோயிலில் அவிழ்க்கிற வரைக்கும் அதைக் கழற்றக்கூடாது. முகம் மழிக்கக்கூடாது. வெளியூரில் ராத்தங்கக்கூடாது. பகலில் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பினால் தப்பில்லை. அவர் அப்படித்தான் போனார். கம்பெனி லாரி கூட்டேரிப்பட்டு வரைக்கும் கொண்டுவந்து விட்டது. கயிற்றை அறுக்கச் சொன்னார்களாம். "கழுத்த வேணா அறுத்துக்குங்க" என்றாராம் இவர். சரி, பின்னால் போய் நில் என்று விட்டுவிட்டார்களாம்.

திருவிழாவில் தாடியும் காப்புமாகத் தீ மிதித்தார். எப்போதும் இல்லாமல் அந்த வருஷம் உள்ளங்காலில் கொப்புளம் வந்தது. சும்மா இருப்பார்களா? கூத்தாடிக்கினு திரிஞ்சா அம்மா சுடாம வுடுவாளா என்று முணுமுணுத்தார்கள். அது அப்படியே அடங்கியும் போனது.

அடுத்த வருஷம் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால் படம் திண்டிவனத்துக்கு வந்தது. ஊரே பஸ் ஏறிப் போய்ப் பார்த்தது. முன்பாதியில் என் வீட்டுக்காரர் ஈட்டியோடு கோட்டை ஏறினார். எத்தனை பின்னால் நின்றாலும் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு பளிச்சென்று தெரிந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். பின்பாதியில் பாறை மேல் செத்துக் கிடந்தார். வெறுங்கை. இதை வேறு யாரும் பார்த்திருக்கக் கூடாதே என்று நினைத்தேன்.

பார்த்தவர் ஒருவர் இருந்தார், என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன். கரகத்தின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். மறுநாள் காலை டீக்கடையில் ஆரம்பித்துவிட்டார்.

"கோட்டை ஏறும்போது கையில காப்பு கீது. செத்துக் கெடக்கும்போது எங்க போச்சு? காக்கா தூக்கிக்கினு போச்சா? கம்பெனிக்காரன் சொன்னான்னு அவுத்துட்டு, திரும்பிக் கட்டிக்கினு வந்து கரகம் எடுத்தவன்தான்யா இவன். அதான் காலு வெந்துச்சு."

பேச்சு வளர்ந்து, சில நாள் கழித்துக் கோயிலில் கூட்டம் போட்டார்கள். காப்பை நடுவில் அவிழ்த்தவன் இனி ஜென்மத்துக்கும் கரகம் தொட முடியாது. பெண்கள் தள்ளி வேப்ப மரத்தடியில் நின்றிருந்தோம். என் வீட்டுக்காரர் நடந்ததைச் சொன்னார். செத்தது முதல் நாள், கோட்டை ஏறியது அப்புறம் என்றார். கோயில் தர்மகர்த்தா வயசானவர், நல்ல மனுஷன், எங்களுக்கு மாமா முறை. ஆனால் அவரே கேட்டார்:

"ஏம்பா, செத்தப்புறம் எப்டிப்பா கோட்டை ஏறுவே? நம்ம கூத்துல துரியோதனன் படுகளம் முடிஞ்சப்புறமா சூது ஆடறாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். பாரதக் கூத்தை வருஷா வருஷம் பிறப்பிலிருந்து படுகளம் வரை வரிசையாகப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். கூத்தில் செத்த வேஷக்காரர் செத்தவர்தான், முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். கதையைத் தலைகீழாக ஆடுவார்கள் என்றால் யார் நம்புவார்கள்? சினிமாவும் ஒரு கூத்து என்றுதான் நினைத்தார்கள்.

முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள். என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். கேப்பைக் களியைப் பிசைந்தபடியே இருந்தார், வாயில் வைக்கவில்லை. பொய்யன் என்று ஊர் சிரித்தது அவர் மனசில் அவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டது.

"செத்துக் கெடக்கும்போது உங்க மோவாயப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"என் மோவாய நான் எப்டிடி பாப்பேன்?"

"மழமழன்னு கீது. கோட்டை ஏறும்போது தாடி கீது."

அவர் கையில் இருந்த களி அப்படியே நின்றது. "இத அங்கயே சொல்றதுக்கு இன்னா?"

"அவ்ளோ ஆம்பளைங்க முன்னாலயா?"

"நான் சொன்னா நம்ப மாட்டாங்க. என் தாடிக்கு நானே சாட்சியா?"

அக்காவிடம் ஓடினேன். அவர் அந்த நிமிஷமே தர்மகர்த்தா வீட்டு வாசலில் போய் நின்றார். அந்தப் படம் திண்டிவனத்தில் சரியாக ஓடவில்லை. அதனால் சீக்கிரமே கூட்டேரிப்பட்டு டூரிங் டாக்கீஸுக்கு வந்திருந்தது. "பெரியவரே, தீர்ப்பு அப்புறம் சொல்லுங்க, மொதல்ல வந்து படத்தப் பாருங்க. ஜல்தியா வாங்க, நாளைக்குப் படத்த மாத்திருவான்" என்றார் அக்கா.

அன்றைக்கு முதல் ஆட்டத்துக்கு எங்கள் ஊர்தான் பாதிக் கொட்டகை. ஆண்கள் பக்கம் பெஞ்சில் தர்மகர்த்தா, அவருக்கு ஒரு பக்கம் என் வீட்டுக்காரர், மறுபக்கம் அந்தப் பங்காளி. நானும் அக்காவும் சுவரை ஒட்டி மணலில் உட்கார்ந்தோம். கோட்டை ஏறுகிற கட்டம் வந்தது.

"மோவாயப் பாருங்க! எங்க கொழுந்தனாரு மோவாயப் பாருங்க!" என்று அக்கா எழுந்து நின்று கத்தினார்.

"அட உக்காரும்மே, யாரு உன் கொழுந்தனாரு?" என்றான் வெளியூர்க்காரன் ஒருவன்.

"ஈட்டி புடிச்சிக்கினு கடைசியா போறாரு பாரு, தாடிக்காரரு!"

சாவு கட்டம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. தர்மகர்த்தா கண்ணைக் கசக்கிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். பங்காளி, "எனக்கும்தான்" என்றார். அக்கா விடுவாரா? அந்தக் கொட்டகையில் ஒரே மிஷின். ஒரு ரீல் முடிந்தால் நிறுத்தித்தான் அடுத்ததை மாட்டவேண்டும். ரீல் முடிந்து விளக்கு போட்டதும் ஆபரேட்டரிடம் போய், அதையே இன்னொரு தபா ஓட்டு என்றார். கூட்டம் விசில் அடித்தது. விஷயம் என்னவென்று காதோடு காதாகப் பரவியதும் விசில் நின்றது. வெளியூர்க்காரர்களே, "போடுப்பா, அந்த ஆளு மோவாய நாங்களும் பாக்கறோம்" என்றார்கள்.

விளக்கை அணைத்தார்கள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தர்மகர்த்தா குரல் வந்தது. "ஏம்மா, கண்டுபுடிச்சது நீதானாமே? நீயே சொல்லு, எங்க பாக்கணும், இன்னா பாக்கணும்?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். எழுந்து நின்றேன். இருட்டில் யார் முகமும் தெரியவில்லை. என் முகமும் யாருக்கும் தெரியாது. திரையைப் பார்த்துக்கொண்டே பேசினேன். அத்தனை பேர் நடுவில் என் குரலை நானே அன்றைக்குத்தான் கேட்டேன். கரகரவென்று இருந்தது, ஆனால் நடுங்கவில்லை.

"வெள்ளைக் குதிரை விழுந்ததும் வலது பக்கம் பாருங்க மாமா. வாயத் தெறந்துக்கினு கெடக்கறாரு. தோ! மோவாய் மழமழன்னு கீதா?"

"ஆமாம்மா, கீது."

"போன வருஷம் தீ மிதிச்சப்ப தாடி இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு. நான்தான் மாலை போட்டேன், கழுத்தே தெரியல."

பங்காளி குறுக்கே வந்தார். "காப்ப அவுத்தவன் மோவாய மழிக்க மாட்டானா?"

"மழிச்சிட்டு, தீ மிதிக்க வரும்போது அந்தத் தாடியத் திரும்ப நட்டுக்கினா வந்தாரு?"

கொட்டகை இரண்டு பக்கமும் வெடித்துச் சிரித்தது. என் பக்கத்தில் அக்கா வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தார். அந்தப் பேச்சை அவர்தான் பேசியிருப்பார் என்று ஊரில் பலர் இன்றைக்கும் சொல்கிறார்கள். இல்லை, நான்தான்.

சிரிப்பு அடங்கியதும் தர்மகர்த்தா நிதானமாகச் சொன்னார். "செத்தது காப்பு கட்டறதுக்கு முன்ன. இல்லாட்டி அவுத்ததுக்கு அப்புறம். நடுவுல இல்ல. சினிமாக்காரன் கதைய முன்னபின்ன ஒட்டுவான், மயிரு முன்னபின்ன வளராது. இந்த வருஷமும் இவனே கரகம் எடுக்கட்டும்."

"அப்போ காலு ஏன் வெந்துச்சாம்?" என்றார் பங்காளி.

"நெருப்பு சுடும்பா" என்றார் தர்மகர்த்தா. "டேய், அடுத்த ரீலப் போடு."

அந்தச் சித்திரையில் என் வீட்டுக்காரருக்குத்தான் காப்புக் கட்டினார்கள். கரகத்தோடு முதல் ஆளாகக் குழியில் இறங்கினார். பின்னாலேயே அந்தப் பங்காளியும் இறங்கி ஏறினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் இந்தத் தடவையும் உள்ளங்காலில் கொப்புளம். யாரிடமும் சொல்லவில்லை, கேட்கவும் யாரும் வரவில்லை. பங்காளியும் நொண்டிக்கொண்டுதான் திரிந்தார்.

காலுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டார்.

"அந்தப் படத்துல வேற இன்னா தப்பு கீது? சொல்லு."

"ஒண்ணு கீது. அக்கா கிட்ட கூட சொல்லல."

"இன்னா?"

"செத்துக் கெடக்கும்போது காலால கால சொறிஞ்சிக்கினீங்க."

அவர் காலை இழுத்துக்கொண்டார். "பாறையெல்லாம் எறும்புடி" என்றார்.