கடலுக்குப் போகாத டைஃபூனைச் செய்த வெள்ளையனுக்கு

வெள்ளையா... நேற்று காலை நீ போய்விட்டாய். உன் பெண்டாட்டி போனில் சொன்னதும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னும் அதுதான் இருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் பல்செட் செய்கிற லேபில் பதினோரு வருஷம் இவன் எனக்குப் பக்கத்து மேஜை.

நான் ஜிப்சம் மாவு கலக்கி அச்சு ஊற்றுவேன், உடைந்து வரும் செட்டை ஒட்டுவேன். இவன் பல் அடுக்குவான், மிஷினில் ராவுவான். சாயங்காலம் தலை முதல் கால் வரை தூசியாக நிற்பான், அதனால் நான் வைத்த பெயர் வெள்ளையன். ஆள் நல்ல கறுப்பு.

நுரையீரலில் தூசி படிந்துவிட்டது என்றார்களாம் ஆஸ்பத்திரியில். எந்தத் தூசி என்று யாரும் கேட்கவில்லை...

சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் எல்லாரும் போனைப் பார்ப்போம். நீ மெழுகில் விமானம் செதுக்குவாய்.

டைஃபூன் என்று பெயர். உலகப் போரில் பறந்ததாம். மூக்குக்குக் கீழே பெரிய வாய் மாதிரி ஒன்று தொங்கும்.

"ஏலே, இதுக்குக் கீழ்த்தாடை முன்னால தள்ளிக்கிட்டு நிக்குது. செட்டு உக்காராது, டாக்டருக்கே திருப்பி அனுப்பிரு" என்றேன்.

"யக்கா, அது வாய் இல்ல. ரேடியேட்டர்." சிரிக்கக்கூட இல்லை நீ.

அது தரையில் இறங்குகிற விமானமாம். கப்பலில் இறங்குகிற மாதிரி மாற்றலாம் என்று அந்தக் காலத்தில் யோசித்தார்களாம், அப்படியே விட்டுவிட்டார்களாம். "அவனுவ விட்டுட்டானுவ, நான் செய்யுதேன்" என்றாய்.

"கப்பல் மேல ஓடுததுக்கு எடம் கெடையாதுக்கா. வால்ல கொக்கி வேணும், கம்பி வடத்துல மாட்டி நிக்கதுக்கு. தொப்புன்னு விழும், அதனால காலு தடியா இருக்கணும். பொறவு றெக்க மடங்கணும், இல்லன்னா உள்ள கொண்டு போயி அடுக்க முடியாது."

"நீ அந்தக் கப்பலப் பாத்திருக்கியாலே?"

"தூத்துக்குடியில ஒரு உப்புக் கப்பல் பாத்தேன். போதாதா?"

பல்செட்டுக்குச் செய்கிற மாதிரியே மெழுகை மாவில் புதைத்து, உருக்கி எடுத்து, அக்ரிலிக்கை அடைத்து வேகவைத்தாய். உடைத்து எடுத்தால் ஈறு நிறத்தில் ஒரு போர் விமானம்! லேபே சிரித்தது. வால் கொக்கி, பல்லில் மாட்டுகிற கம்பியில் வளைத்தது.

ஒரு மத்தியானம் நீ வெளியே போயிருந்தாய். உடைந்த செட்டு வைக்கிற என் தட்டில் அது கிடந்தது, இரண்டு இறக்கையும் தனித்தனியாக. கீழே போட்டு உடைத்துவிட்டாய் போல, என்னிடம் ஒட்ட வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன்.

அக்ரிலிக் பொடியும் அதற்கான தண்ணியும் விட்டு ஒட்டி, ராவி, பாலிஷ் போட்டு வைத்தேன். நீ வந்து பார்த்தாய்.

"யாருக்கா ஒட்டினது?"

"நாந்தான். பாரு, ஒட்டுன எடமே தெரியல்ல."

"மூணு வாரமா அளந்து அறுத்தேன்க்கா... மடக்குததுக்கு."

நாலு நாள் என்னோடு பேசவில்லை நீ. ஐந்தாம் நாள் மறுபடி அறுத்துக் கீல் வைக்க உட்கார்ந்தாய். இருமி இருமி அறுத்தாய்.

அந்தத் தூசி நான் போட்டது. மற்றது எல்லாம் முதலாளி போட்டது.

தூசி உறிஞ்சுகிற மிஷின் வேண்டும் என்று மூன்று வருஷம் கேட்டாய். "ஜன்னலத் தொறந்து வையும்வே, காத்து வரும்" என்றார்.

அதே முதலாளிதான் விமானத்தை வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். வருகிற டாக்டர்களிடம் "நம்ம லேப் வேல, ஃபினிஷிங்கப் பாருங்க" என்பார். உன் பெயரைச் சொல்லமாட்டார். நீயும் வாயைத் திறக்கமாட்டாய். அதுவும் எனக்குக் கோபம்தான்.

நேற்று ஃபேஸ்புக்கில் உன் போட்டோவையும் விமானத்தையும் சேர்த்துப் போட்டு, "எங்கள் குடும்பத்தில் ஒருவர்" என்று எழுதியிருக்கிறார். கீழே வரிசையாகக் கும்பிடு... சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க ஆள் வரவில்லை.

நான் நேற்றே கல்லிடைக்குறிச்சியில் உன் வீட்டுக்குத் துட்டி கேட்கப் போயிருந்தேன். உன் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவுக செஞ்ச ஏரோப்ளேன நான் கண்ணால பாத்ததே இல்லக்கா. கொண்டாந்து தருவியளா?" என்றாள்.

இன்று காலை முதலாளியிடம் கேட்டேன்.

"லேப் சாமான்ல செஞ்சது. அது இங்கனயே இருக்கட்டும்" என்றார்.

"அவன் நெஞ்சுல கெடந்ததும் லேப் சாமான்தான் அண்ணாச்சி. அத எங்கன வைக்கப் போறிய?"

"பைய பேசும்மா. உள்ள டாக்டர் இருக்காரு."

நான் பையப் பேசவில்லை. பெட்டியைத் திறந்து எடுத்தேன், இறக்கையை மடக்கிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தேன், வந்துவிட்டேன். திருட்டு என்றால் போலீசில் சொல்லட்டும்.

கல்லிடைக்குறிச்சி பஸ் பேட்டையைத் தாண்டுவதற்குள் முதலாளியிடமிருந்து மெசேஜ் வந்துவிட்டது, இனி வேலைக்கு வர வேண்டாமாம். சரி.

இப்போது உன் வீட்டில்தான் இருக்கிறேன். உன் படத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, அதை எடுத்து வைத்தாள் உன் பெண்டாட்டி. வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

"யக்கா, றெக்கய விரிச்சு வைக்கணுமா, மடக்கி வைக்கணுமா? அவுக எப்படி வைப்பாக?"

பதினோரு வருஷம் பக்கத்து மேஜை... எனக்குத் தெரியவில்லை.

போய் வா அய்யா. எப்படி வைக்கட்டும், சொல்லு?