மீசையில்லாத தாய்மாமன்

தொலைந்துபோன சொந்தக்காரர்களைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது என் தொழில், கொடுத்த பிறகு "இவரையா தேடினோம்!" என்று அலறுவதைக் கேட்பதும் அதே தொழில்தான். பதுளைச் சந்தையில் மரக்கறி விற்று, கத்திக் கத்தியே முன்னுக்கு வந்தவள் நான். சொந்தங்களிடம் சிக்கிய வாசகர்களே, நீங்களும் நானும் ஒரே லயம், ஒரே தோட்டத்து வரிசை வீடு!

மலேசியாப் பெரியப்பா

பதுளை சரோஜாவின் மகளுக்குக் கல்யாணம். மாலை எடுத்துக் கொடுக்கத் தாய்மாமன் வேண்டும். அந்த அண்ணன் ராசலிங்கமோ, தங்கை தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் கட்டிய கோபத்தில் பேச்சை நிறுத்தியவர். இப்போது எங்கே என்றே தெரியாது. "அண்ணன் வராம எம் மகள மணவறையில ஏத்த மாட்டேன்" என்று அழுதாள் சரோஜா.

கனடாவில் வளர்ந்த மாப்பிள்ளை எனக்கு முன்பே கம்ப்யூட்டரில் தேடியிருந்தார். மாமியாரின் பாஸ்போர்ட்டில் 'சரோஜா முனியாண்டி' என்று இருக்கிறதா, முனியாண்டிதான் பரம்பரைப் பெயர் என்று முடிவுகட்டி, உலகத்து முனியாண்டிகளை எல்லாம் ஒரே குடும்பமாகச் சேர்த்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தம்பி, அது அவங்க அப்பா பேரு! எங்க ஆளுங்களுக்குத் தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும்!" என்று கத்தினேன். அவர் முகம் வெளுத்தது.

"ஐயோ அக்கா, மலேசியாவுல ஒரு பெரியப்பாவுக்குப் பத்திரிகையே அனுப்பிட்டேனே!"

ராசலிங்கமா, யாரு?

சரோஜாவின் பிறப்புச் சான்றிதழில் ஸ்பிரிங்வெளித் தோட்டம் என்று இருந்தது. போனேன். லயம் லயமாக ராசலிங்கம், ராசலிங்கம் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஆத்திரத்தில் சரோஜாவுக்குப் போன் போட்டு, "உங்கண்ணன் அப்படி என்னதான் செஞ்சாரு, ஒரு ஆளுக்கும் ஞாபகமில்ல?" என்றேன். "மாப்பிள்ளை பக்கத்துல இருக்காரு, மெதுவா பேசுங்க... காமன்கூத்துல சேலை கட்டி ரதி வேசம் ஆடுவாரு" என்று கிசுகிசுத்தாள்.

"ரதியா?" என்று நான் போட்ட சத்தத்தில் மொத்த லயமும் வெளியே வந்து சிரித்தது.

"நம்ம ரதி அண்ணனா! அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? லுணுகலையில தையல் கடை வச்சிருக்காரு!"

பேரம்

கத்தை மீசையோடு உட்கார்ந்திருந்தார் ரதி. "என்னைக் கேட்டா கட்டினா? இப்ப மட்டும் மாமன் வேணுமா?" நானும் கத்தினேன், அவரும் கத்தினார், தையல் மெஷின் ஒன்றுதான் சும்மா இருந்தது. கடைசியில் இறங்கி வந்தார். மன்மதன் வேசக்காரன் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டானாம்; மாசிக் கூத்தில் மாப்பிள்ளை மன்மதனாக ஆடினால் வருவாராம். கனடா மாப்பிள்ளை துள்ளிக் குதித்தார்.

சரோஜா வீறிட்டாள். கூத்தில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதனை எரித்துவிடுவாரே! பங்குனியில் தாலி கட்டுகிறவரை மாசியில் எரிப்பதா? மறுபடி லுணுகலை, மறுபடி பேரம். ரதி மன்மதன் கல்யாணம்வரை மாப்பிள்ளை ஆடுவார், எரிவதற்கு வேறு ஆள் என்று முடித்தேன். ராசலிங்கம் மீசையைத் தடவினார்.

"வேசத்துக்கு இத எடுத்தா கல்யாணத்துக்குள்ள மொளைக்காது, மொட்டை மூஞ்சி மாமன்னு எவனாச்சும் சிரிச்சான், அவனத்தான் எரிப்பேன்!"

பங்குனி

வந்தார். மழமழவென்ற முகத்தோடு மாலை எடுத்துக் கொடுத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை, நான் மட்டும் முந்தானையைக் கடித்துக்கொண்டேன். சரோஜா காலில் விழுந்து தேம்பினாள். தூக்கி நிறுத்தினார்.

"அழாத புள்ள, ஒம் மருமகன் ஏங்கூட ஆடின ஆட்டத்துக்கு நானில்ல அழணும்!"

தேடிப் பிடித்த மாமன் சாம்பாரில் உப்பில்லை என்று கோபித்துக்கொண்டு எழுந்தார், யாரும் தேடாத மலேசியாப் பெரியப்பா முதல் பந்தியில் உட்கார்ந்து மூன்றாவது வடை கேட்டார். இதற்குப் பெயர்தான் சொந்தம்!