மேல்கணக்கிலிருந்து எடுத்த மாப்பிள்ளை

நல்லெண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சுகிற வாடை எந்த வீட்டிலிருந்து வந்தாலும், எனக்குத் தை மாசத்துப் பனியும் வழுக்குகிற செம்மண் மைதானமும் அப்பாவின் முழங்காலும்தான் ஞாபகத்துக்கு வரும். பந்து விளையாடுகிறவர்கள் காலில் தடவிக்கொள்வதற்காகக் காய்ச்சுகிற எண்ணெய் அது; ஆனால் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் விளையாடுகிறவர்களைவிடப் பார்க்கப் போகிறவர்கள்தான் அதை அதிகமாகத் தடவிக்கொண்டார்கள். அப்பா பந்தை உதைத்து நான் பார்த்ததே இல்லை. என்றாலும் பொங்கல் முடிந்து முதல் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால், சாரத்தை மடித்துக் கட்டி, அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சவர்க்காரத்தைத் தேய்த்து, அதற்கு மேல் அந்த எண்ணெயையும் பூசிக்கொண்டு, தானே கோல் போடப் போகிறவர் மாதிரிக் கிளம்பிவிடுவார்.

இலங்கை மலையகத்தில், பசறையிலிருந்து பஸ் வளைந்து வளைந்து ஏறுகிற பாதையில் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். அதில் இரண்டு 'கணக்கு'. கணக்கு என்றால் எங்கள் பக்கத்தில் தோட்டத்தின் ஒரு பிரிவு. மேலே இருப்பது மேல்கணக்கு, கீழே நாங்கள். அவர்களுக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் பக்கத்தில் சமதரையான மைதானம். எங்களுடையது ஒரு பக்கம் சரிந்து கிடக்கும். கீழ்ப்பக்கம் உதைத்த பந்தைத் தேயிலைக்குள் இறங்கித்தான் தேட வேண்டும். குழாய்த் தண்ணீர் அவர்களுக்குத்தான் முதலில் வந்தது. காலை பஸ்கூட அவர்களை ஏற்றி உட்கார வைத்துவிட்டு, எங்களை நிற்க வைப்பதற்காகவே கீழே வருகிற மாதிரி இருக்கும். இதையெல்லாம் எங்கள் ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே பொறுத்துக்கொண்டார்கள். அவர்களால் பொறுக்க முடியாமல் போனது லிங்கத்தைத்தான்.

லிங்கம் மேல்கணக்கின் முன்வரிசை ஆட்டக்காரர். ஒல்லியான உடம்பு, சற்று வளைந்த கால், பந்து காலுக்கு வந்துவிட்டால் நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு ஓடுவார். சித்திரைப் புத்தாண்டுக்குச் சுற்றுவட்டாரத் தோட்டங்களெல்லாம் சேர்ந்து ஆடுகிற கப் வருஷா வருஷம் மேல்கணக்குக்குப் போனதற்கு அவர்தான் காரணம் என்பதில் எங்கள் லயத்தில் இரண்டாவது பேச்சு இருந்ததில்லை.

தை, மாசி இரண்டு மாசமும் பழக்க ஆட்டங்கள் நடக்கும். ஆட்டம் முடிந்ததும் எங்கள் ஆட்கள் மைதானத்தை ஒட்டிய மேட்டில், சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து 'பந்து பெரட்டு' போடுவார்கள். பெரட்டு என்பது காலையில் பெயர் கூப்பிட்டு யார் எந்த மலைக்குப் போவது என்று வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம். அதே மாதிரி இங்கேயும் ஆட்டக்காரர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, இவன் கால் எப்படி, அவன் மூச்சு எப்படி, சித்திரைக்குள் தேறுவானா மாட்டானா என்று உரித்துத் தொங்கப்போடுவார்கள். பெயர் கூப்பிடுகிறவர் அப்பா. பக்கத்தில் தோட்டத்து லொறி ஓட்டுகிற சூசை அண்ணன் குத்தல் பேச்சுக்கென்றே உட்கார்ந்திருப்பார். நான் அப்போது பத்து வயதுச் சிறுமி. அத்தையின் மடியில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்பேன்.

அந்த வருஷம் முதல் ஆட்டத்திலேயே மேல்கணக்கிடம் தோற்றோம். லிங்கம் போட்ட கோலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பேசாமல் இருந்ததிலேயே வயிற்றெரிச்சல் தெரிந்தது.

“அவனுக என்னத்த விளையாடுறானுக. அந்த ஒருத்தன் இல்லாட்டி எல்லாம் சும்மா” என்றார் அப்பா.

“அந்த ஒருத்தன நாம தூக்கிட்டு வரவா முடியும்?” என்றார் சூசை அண்ணன். “எந்த லயத்துல குடியிருக்கானோ அந்தக் கணக்குக்குத்தான் ஆடலாம். பொண்ணு குடுத்துத்தான் கூட்டிட்டு வரணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. திரும்பி அத்தையைப் பார்த்தார்.

விஜி அத்தை அப்பாவின் தங்கை. கொழுந்து பறித்துவிட்டு வந்து குளித்து, ஈரத் தலையோடு என்னைத்தான் முதலில் கூப்பிடுவாள். அவளுடைய கையைத் தலைக்கு வைத்துத்தான் நான் தூங்குவேன். அம்மாவை யார் வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளட்டும், அத்தை எனக்கு மட்டும் என்பது என் எண்ணம். அவளுக்கு லிங்கத்தைக் கேட்கலாமா என்று அப்பா கேட்டபோது, “அண்ணன் சொன்னாச் சரி” என்று அடக்கமாகச் சொன்னவள், அன்றைக்கு அரிசி களைகிறபோது தனக்குள்ளே சிரித்துக்கொண்டு களைந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. மேல்கணக்கின் மேல் எங்கள் லயத்துக்கு இருந்த பொறாமையெல்லாம் சேர்ந்தாலும், அந்த ஆள் மேல் அன்றைக்கு எனக்கு வந்த பொறாமைக்கு ஈடாகாது.

லிங்கத்தின் வீட்டில் ஒரே காம்பராவுக்குள் அண்ணன் தம்பிமார் பெண்டாட்டி பிள்ளைகளோடு நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் லயத்தின் கடைசி அறையான தொங்கல் காம்பரா காலியாகக் கிடந்தது. ஆனாலும் 'வீட்டோட மாப்பிள்ளை' என்று ஊர் சொல்லிவிடுமே என்று அவருடைய அம்மா தயங்கினாள். “எம்புள்ளைய அங்க ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லப்படாது” என்றாள். வெற்றிலைத் தட்டை வைத்துக்கொண்டு அப்பா எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். தை முடிவதற்குள் மாரியம்மன் கோயிலில் கல்யாணம் நடந்தது. மேல்கணக்கு ஆட்கள் சாப்பிடும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அந்த முகங்களைப் பார்ப்பதே ஒரு விருந்தாக இருந்தது. அம்மா மட்டும், “பந்துக்காகப் பொண்ணு குடுத்த ஆம்பளைகள இங்கதான் பாக்குறேன்” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

பிறகுதான் கோளாறு தொடங்கியது. லிங்கம் அப்பாவுக்கு மட்டும் மாப்பிள்ளை அல்ல, லயம் முழுவதற்கும் மாப்பிள்ளையாகிவிட்டார். வீட்டுக்கு வீடு விருந்து. ஒரு ஞாயிறுகூடக் கோழி உயிரோடு தப்பவில்லை. பழக்க ஆட்டத்தில் யாரும் அவரை முட்டுவதில்லை, மாப்பிள்ளைக்கு அடிபட்டுவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம். கோல் காக்கிறவன் அவர் உதைத்த பந்துக்கு மரியாதையாக வழிவிட்டான். மேட்டிலிருந்து “ஓடுடா, என்னடா நிக்கிற” என்று கத்திக் கத்தியே ஆட்டக்காரர்களை ஓடவைத்துப் பழகிய எங்கள் ஆட்கள், அவர் பக்கம் பந்து போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “முடிஞ்சாக் கொஞ்சம் பின்னால வாங்க மாப்பிள்ளை” என்றார்கள். அவரும் முடிந்தால் வந்தார். பெரும்பாலும் முடியவில்லை.

பெரட்டில் அவர் பெயர் வரும்போது எல்லோரும் அப்பாவைப் பார்ப்பார்கள்.

“மாப்பிள்ளை நல்லாத்தான் ஆடுறாரு” என்பார் அப்பா, தொண்டையைச் செருமிக்கொண்டு. “பந்துதான் அவருக்கு வரமாட்டேங்குது.”

“ஆமாங்க, பந்து மேலதான் குத்தம்” என்பார் சூசை அண்ணன்.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தொங்கல் காம்பராவின் கதவு சாத்தியிருக்கிறது, மீன் துண்டு அவர் தட்டுக்குப் போகிறது, என் சட்டைக்குப் பொத்தான் தைக்க நேரமில்லாத அத்தை அவருடைய ஜேர்சியைத் துவைத்துக் கல்லில் காயப் போடுகிறாள். இந்த ஆள் ஒரு கோலும் போடாமல் போகட்டும், அப்பாவே இவரை மேலே திருப்பி அனுப்பிவிடட்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டேன்.

மாசியில் மேல்கணக்கு மைதானத்தில் ஒரு பழக்க ஆட்டம் வந்தது. அவர்கள் பக்கத்து ஆட்கள் வரிசையாக நின்றுகொண்டு ஆரம்பத்திலிருந்தே அவரைப் பிடித்துக்கொண்டார்கள். “டேய் லிங்கம், மாமியா வீட்டுக் கோழி கால்ல எறங்கிருச்சாடா? அசைய மாட்டேங்குற?” என்று ஒருவன் கத்த, மற்றவர்கள் அதற்கு மேல் கத்தினார்கள். கேட்கக் கேட்க லிங்கத்தின் முகம் மாறியது. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டார். பிறகு அவர் ஓடிய மாதிரி எங்கள் மைதானத்தில் ஓடி அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. இரண்டு கோல். இரண்டுக்கும் அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அவர்கள் பக்கம்தான் பார்த்துச் சிரித்தார். அவர்களும் கெட்ட வார்த்தையில் ஏசிக்கொண்டே கைதட்டினார்கள்.

ஜெயித்துவிட்டுத் திரும்புகிறபோது அப்பா எல்லோருக்கும் முன்னால் விறுவிறுவென்று நடந்தார்.

“கோல் நமக்குத்தானே போட்டாரு” என்றார் சூசை அண்ணன்.

“கோலு நமக்கு. ஆளு அவனுகளுக்கு” என்றார் அப்பா.

அன்று சாயங்காலம் அத்தை அடுப்படிக்கு வந்து அப்பாவிடம் பேசினாள். “அண்ணே, அவருக்கு இங்க மூச்சு முட்டுது. வாங்க போங்கன்னு ஒதுக்கியே வச்சிருக்கீங்க. அங்க மாதிரி ஒருக்கா வாய் விட்டு ஏசுங்க. அவரு ஒன்னும் நெனைக்க மாட்டாரு.”

அடுத்த ஞாயிறு எங்கள் மைதானத்தில் பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம். லிங்கம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பந்து அவரைத் தாண்டிப் போனது. அப்பா எழுந்தார், சாரத்தைச் சரிசெய்தார், மேட்டின் நுனிக்கு வந்து அவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்த குரலையெல்லாம் எடுத்துக் கத்தினார்.

“டேய் லிங்கம், ஓடுடா. தின்ன சோறெல்லாம் எங்கடா போச்சு?”

மைதானமே நின்றுவிட்டது. எங்கள் ஆட்டக்காரர்களை அப்பா ஞாயிறுதோறும் ஏசுகிற ஏச்சுதான் அது, வார்த்தை மாறாத ஏச்சு. ஆனால் மேல்கணக்குக்காரன் கோழியைச் சொல்லிக் கேலி செய்வது வேறு. பெண்டாட்டியின் அண்ணன், உலை வைக்கிற வீட்டுக்காரர், சோற்றைச் சொல்வது வேறு. லிங்கம் மெதுவாக நடந்து வந்தார். ஜேர்சியைக் கழற்றி மடித்து அப்பாவின் காலடியில் வைத்தார். வெறும் உடம்போடு, பனியில், மேல்கணக்குக்குப் போகிற குறுக்குப் பாதையில் ஏறிப் போனார்.

அத்தை பொழுது சாய்வதற்குள் துணியைக் கட்டினாள். அப்பா தொங்கல் காம்பரா வாசலில் நின்றார்.

“நீ சொன்னதத்தானே விஜி செஞ்சேன்?”

“ஏசச் சொன்னேன் அண்ணே. சோத்தச் சொல்லச் சொல்லலையே.”

நான் மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டேன். அத்தை என்னைத் தூக்கிக் கீழே நிறுத்தினாள். “அவரு அங்க தனியா இருப்பாருடி” என்றாள். இங்கே நான் தனியாக இருப்பேன் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அவர் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டபோது, அவளும் கூடப் போவாள் என்று எனக்கும் தோன்றவில்லைதான்.

சித்திரைக் கப் மேல்கணக்குக்குப் போனது. லிங்கம் மாமாதான் கோல் போட்டார். அப்பா பார்க்கப் போகவில்லை. அவர்கள் இரண்டு பேரும் வருஷக் கணக்காகப் பேசிக்கொள்ளவில்லை. அத்தை மகன் கார்த்திக்குக் காது குத்தியபோது தாய்மாமன் என்ற முறைக்காக அப்பா போய் மடியில் வைத்துக்கொண்டார், இரண்டு பேருக்கும் பேச்சு “வாங்க”, “இருங்க” என்பதோடு முடிந்தது.

இப்போது நான் பதுளை டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். கல்யாணமாகி எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தத் தைப் பொங்கலுக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது பழக்க ஆட்டம் என்றார்கள், போனேன். மேல்கணக்கின் சமதரை மைதானத்தில் புது வீடுகள் வந்துவிட்டன. பையன்கள் கொழும்புக் கடைகளுக்கும் கட்டார், துபாய் என்றும் போய்விட்டார்கள். இரண்டு கணக்கிலும் தனித்தனியாக ஆள் சேராததால் ஒரே அணியாகச் சேர்த்துவிட்டார்கள். கார்த்திதான் முன்வரிசை. சவுக்கு மரத்தையும் வெட்டிவிட்டார்கள். பெரட்டுப் போடுகிறவர்கள் யாரும் இல்லை. மேட்டில் இருந்த நாலைந்து பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் மாமாவும் மட்டும் ஆட்டத்தைப் பார்த்தார்கள், நடுவில் ஓர் ஆள் உட்காருகிற இடத்தை விட்டுக்கொண்டு.

“ஒருத்தனும் தேற மாட்டான்” என்றார் அப்பா.

“ஆமாங்க மச்சான்” என்றார் மாமா.

இரண்டு பேரும் எதிலாவது ஒத்துப்போனதை அன்றைக்குத்தான் கேட்டேன். பார்த்து எரிவதற்கு இனி அவர்களுக்கு ஆள் இல்லை. அந்தப் பொறாமையோடு சேர்ந்து ஆட்டத்தின் ருசியும் போய்விட்டது என்று எனக்குப் பட்டது.

அத்தை ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணி கொண்டு வந்தாள். தலையில் நரை விழுந்திருக்கிறது, ஆனால் சிரிப்பு அதேதான். மாமாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் கழுத்தில் துண்டைச் சுற்றிவிட்டு, முதலில் அவருக்கு ஊற்றினாள், பிறகு அப்பாவுக்கு. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பையைத் துழாவினாள்.

“ஒனக்குக் கோப்பை கொண்டாரலையேடி. நீ வருவன்னு நெனைக்கல” என்றாள்.

வருத்தமாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்குச் சுருக்கென்று குத்தியது. புருஷன் தனியாக இருப்பான் என்று ஒரு பெண் கிளம்பிப் போவதன் நியாயம் இன்றைக்கு எனக்குத் தெரியாததல்ல. நியாயம் தெரிந்துவிட்டதால் எரிச்சல் அடங்கிவிடுவதில்லை.

மாமா தன் கோப்பையை நீட்டினார். இன்னும் வாய் வைத்திருக்கவில்லை, ஆவி பறந்துகொண்டிருந்தது. “நீ குடி பாப்பா. நான் அப்புறமாக் குடிக்கிறேன்” என்றார்.

வேண்டாம் என்று சொல்வதுதான் மரியாதை. நான் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு, அத்தைக்கும் அவருக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, அவருக்கு ஒரு மிடறுகூட மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தேன்.