டவர் கேட்டேன், டவரையே காட்டினான்

படகு கிளம்பி, கரை சின்னதாய்ப் போன பிறகுதான் அத்தா அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் காதில் வைத்துக் கேட்டேன்.

"டேய், லாத்தாவ சிதம்பரம் ஆஸ்பத்திரில சேத்துருக்கு. நஞ்சுக்கொடி கீழ இருக்காம், ரத்தம் ஜாஸ்தி போவும்ங்குறாங்க. சாயங்காலம் ஆபரேஷன். பி நெகட்டிவ் எங்கயும் கெடைக்கல. போன பிரசவத்துக்குக் குடுத்தானே முதுநகர் புள்ள, அவன் நம்பர அனுப்புடா. பழைய நம்பர் போவ மாட்டேங்குது."

கேட்டு முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். சிக்னல் ஒரு கோடும் இல்லை.

அந்த முதுநகர் பிள்ளை செல்வம். ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிற என் கூட்டாளி. சமீபத்தில்தான் நம்பரை மாற்றியிருந்தான். புது நம்பர் எங்கள் வீட்டில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. லாத்தா என் அக்கா, அவள் மாப்பிள்ளை ஷார்ஜாவில். லால்பேட்டை வீட்டில் அத்தாவும் உம்மாவும்தான். நானோ அந்தமானில், பெயர்கூடச் சரியாகச் சொல்ல வராத ஒரு தீவுக்குப் படகில் போய்க்கொண்டிருந்தேன். ஊர் சுற்ற!

கூட வந்தவன் ரியாஸ், என் மாமா மகன். போர்ட் பிளேரில் கடை வைத்திருக்கிறான். அந்தப் பக்கம் ஒரே ஒரு கம்பெனி சிம்தான் எடுக்கும், அதை வாங்கிப் போட்டுக்கொள் என்று முதல் நாளே சொன்னான். "என் போன் கடலுக்கு அடியிலயும் எடுக்கும், மீனுக்கே ஹாட்ஸ்பாட் குடுப்பேன்டா" என்று அவனைக் கிண்டல் பண்ணினேன். எதற்கெடுத்தாலும் கிண்டல்தான் எனக்கு.

அவன் போனில் அந்த சிம் இருந்தது. செல்வம் நம்பரை அதில் ஏற்றி அத்தாவுக்கு அனுப்பினோம். வட்டம் சுற்றியது, சுற்றியது, போகவேயில்லை. தீவில் இறங்கியதும் கரையோரம் முழுக்க போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஒரு கோடு வரும், மூச்சு விடுவதற்குள் போய்விடும். திரும்பிப் போகலாம் என்றால் அடுத்த படகு மறுநாள் காலையில்தான்.

"ரியாஸ், லாத்தாவுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"வாயக் கழுவுடா. வா, மொதல்ல தொழுவுவோம்."

சூரியன் சாய்கிற பக்கம் பார்த்து மணலில் நின்று மதியத் தொழுகையான லுஹர் தொழுதோம். அதுவரை நான் கேட்ட துஆ எல்லாம் வாயால் கேட்டதுதான். அன்றைக்குத்தான் மனசால் கேட்டேன். யா அல்லாஹ், நான் எல்லாரையும் கிண்டல் பண்றவன்தான். இது கிண்டல் இல்ல. நாலு கோடு கேக்கல. ஒரே ஒரு கோடு, ஒரு மெசேஜ் போற நேரம் மட்டும் நின்னா போதும். எங்க லாத்தாவக் காப்பாத்து.

அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

எழுந்து வந்தால் ஒரு பெட்டிக்கடை. கடைக்காரர் வங்காளி. எனக்குத் தெரிந்த ஹிந்தி மொத்தத்தையும் திரட்டி, "பாய், டவர் கிதர் ஹை?" என்றேன். சிக்னல் எங்கே எடுக்கும் என்று கேட்டதாக என் நினைப்பு. நம்ம ஊரில் அதற்கு டவர் என்றுதானே சொல்வோம்? அவர் கொஞ்சமும் யோசிக்காமல் காட்டுப் பாதையைக் காட்டி, "டவர் உதர்" என்றார்.

ஓடினோம். முள் கிழித்தது, செருப்பு அறுந்தது. மேடு ஏறி முடித்தால் எதிரே நின்றது ஒரு மரக் கோபுரம். ஏறி நின்று கடலை வேடிக்கை பார்ப்பதற்காகக் கட்டிய வாட்ச் டவர்!

ரியாஸ் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சிரிப்பதா அழுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. "டவர் கேட்ட, டவரயே காட்டிட்டாரு மச்சான்!"

"எந்திரி, போவலாம். நேரம் போவுது."

"இவ்ளோ தூரம் வந்தாச்சி. ஏறிப் பாத்துட்டுப் போவோம், வா."

ஏணி ஆடியது. உச்சிப் படியில் கால் வைத்ததுமே ரியாஸ் கையிலிருந்த போன் டிங் என்றது. அப்புறம் டிங், டிங், டிங். கடலுக்கு அந்தப் பக்கம் வேறு ஒரு தீவு. அங்கே நட்டிருந்த செல்போன் கோபுரம் இந்த உயரத்துக்கு மட்டும் எட்டியது. செல்வம் நம்பர் போனது. ஒரு டிக். ரெண்டு டிக். நீல டிக். அல்ஹம்துலில்லாஹ்!

கீழே இறங்கினால் சிக்னல் போய்விடும் என்று இருட்டும்வரை மேலேயே கிடந்தோம். பிற்பகல் தொழுகையான அஸரையும் அங்கேயே தொழுதோம். பொழுது சாய்ந்து, மஃக்ரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் செல்வத்தின் குரல் வந்தது.

"மாப்ள, ரத்தம் குடுத்துட்டேன். லாத்தா நல்லாருக்கு, ஆம்பளப் புள்ள. ஒங்க அத்தா என் கையப் புடிச்சிக்கினு விடவே மாட்டேங்குறாரு, நீ வந்து வாங்கிக் குடு. ரெண்டு தடவ ரத்தம் குடுத்துருக்கேன், அதனால அந்தப் புள்ளைக்கு மொதல் மாமன் நான்தான். நீ ரெண்டாவது. சண்டைக்கு வராத."

சண்டைக்குப் போகவில்லை. இன்று அந்தப் பிள்ளை செல்வத்தைத்தான் பெரிய மாமா என்கிறான்.

அன்றிலிருந்து நான் தொழுகையை விடுவதில்லை. என் ரத்தம் சாதாரண வகைதான், ஆனாலும் கூப்பிட்ட இடத்துக்குப் போய்க் கொடுக்கிறேன். எங்கே பயணம் போனாலும் அந்த ஊரில் எடுக்கிற சிம்மை விசாரித்து வாங்கிக்கொள்கிறேன். முக்கியமான நம்பர்களை வீட்டிலும் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். அதையும் செய்யுங்கள், துஆவும் கேளுங்கள்.

அந்தக் கடைக்காரருக்கு என் ஹிந்தி புரிந்திருந்தால், "இங்க சிக்னல் இல்ல, போ" என்று சொல்லி அனுப்பியிருப்பார். என் வாயில் தப்பான வார்த்தையைப் போட்டு, சரியான இடத்துக்கு என்னை ஏற்றிவிட்டவன் அல்லாஹ். அதனால், எனக்கு ஒழுங்காகக் கேட்கத் தெரியாதே என்று தயங்கிக்கொண்டு இருக்காதீர்கள். தெரிந்தவரைக்கும் கேளுங்கள். என் ஹிந்தியையே அவன் சமாளித்தவன்.