வாசிக்காமல் விட்ட அத்தியாயம்

அண்ணைக்கு ஆங்கிலம் வராது, எனக்குச் சமைக்க வராது. எண்பதுகளின் கடைசியில் லண்டன் ஆர்ச்வேயில் ஒரே அறையில் இருந்த எங்கள் இருவருக்கும் இந்தக் குறைகள் வசதியாகப் பொருந்திவிட்டன. அவர் கறி வைப்பார், நான் கதை வாசிப்பேன். அவர் என் உடன்பிறந்தவர் அல்ல. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். இங்கே பெற்றோல் நிலையத்தில் மாலை ஷிப்ட். நான் காலையில் அதே நிலையத்தில் நின்றுவிட்டு, மிச்ச நேரத்தில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தேன்.

நூலகத்தில் யாரும் தொடாமல் கிடக்கும் தடித்த பழைய நாவல்களைத்தான் எடுத்து வருவேன். நூறு வருசத்துக்கு முந்திய ஆட்கள், நூறு வருசத்துக்கு முந்திய துன்பங்கள். இரண்டு மூன்று நாள் முன்கூட்டியே வாசித்து, விளங்காத சொல்லுக்கு அகராதி பார்த்து, பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் அர்த்தம் எழுதி வைப்பேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்குமுன் அழித்துவிடுவேன். அண்ணை வெங்காயம் உரித்தபடி கேட்பார். நான் வரிவரியாகத் தமிழில் சொல்வேன்.

கதையில் வருகிறவர்களை அவர் அடுத்த வீட்டுக்காரர்களாகவே வைத்துப் பேசினார். வீட்டார் மேல் எரிந்து விழும் ஒரு கிழவனை நான் கெட்டவன் என்றபோது, அவனுக்குப் பயம், பக்கத்தில் இருக்க ஆளில்லை, அதுதான் கத்துகிறான் என்றார். ஐம்பது பக்கம் தள்ளி அந்த நாவலும் அதையேதான் சொன்னது. பட்டப்படிப்புக்காரனான எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

அந்த வருசம் வாசித்தது, கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்த ஒரு குமாஸ்தாவின் கதை. அவனுடைய தாய் ஊரில் தனியே இருந்தாள். அண்ணையின் தாயும் அப்படித்தான், ஊரில், சுகமில்லாமல். அதனால் ஒவ்வொரு நாளும் நான் புத்தகத்தைத் திறக்குமுன்பே கேட்டுவிடுவார், “அந்தத் தாய் சுகமாய் இருக்கிறாவோ?”

ஒரு புதன்கிழமை, விம்பிள்டனில் இருந்த அவருடைய ஒன்றுவிட்ட தமையன் என்னை மட்டும் வரச்சொன்னார். போனேன். அங்கே ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். அண்ணையின் தாய் முதல் நாள் இறந்துவிட்டா. அண்ணைக்கோ அகதி விண்ணப்பத்துக்கான இன்ரவியூ அடுத்த வியாழக்கிழமை. இப்போது சொன்னால் ஆள் உடைந்துவிடும், அங்கே போய் ஏதாவது மாறிச் சொல்லிவிடும், எப்படியும் ஊருக்குப் போக ஏலாதுதானே என்று பேசி முடித்துவிட்டார்கள். எங்கள் ஆட்களின் வழக்கம் அது. செய்தியைப் பத்துப் பேர் சுமப்பார்கள், உரியவருக்கு மட்டும் தெரியாது. ஒரே அறையில் இருப்பதால் காவல் பொறுப்பு எனக்கு.

உண்மையைச் சொல்கிறேன். ரயிலில் திரும்பி வரும்போது எனக்குத் துக்கத்தோடு ஒரு பெருமையும் இருந்தது. பெரியவர்கள் என்னை நம்பிவிட்டார்கள். இன்னொருவரின் வாழ்க்கையில் அவருக்கே தெரியாத பெரிய விசயம் என் கையில் இருந்தது. அந்தச் சுகத்தை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணை கோயிலுக்குக் கூப்பிட்டார். சாவு விழுந்தால் எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசலை மிதிக்கக்கூடாது, மச்சமாமிசம் தொடக்கூடாது. காய்ச்சல் என்று படுத்திருக்கலாம், எனக்கு அந்தப் புத்திகூட வரவில்லை. கோயில் இருந்த மேட்டுத் தெருவில் ஏறிப் போனோம். இன்ரவியூவுக்காக ஒரு அர்ச்சனை செய்தார். பிறகு தாயின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, அவவின் ஆயுளுக்காக இன்னொன்று. ஐயர் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னார். அண்ணை தலைக்கு மேல் கைகூப்பி நின்றார், நான் பக்கத்தில் நின்று திருநீறு வாங்கினேன்.

சனிக்கிழமை வாசிக்க வேண்டிய அத்தியாயத்தில் குமாஸ்தாவின் தாய் சாகிறாள். செய்தி வருமுன்பே நான் அதை வாசித்துப் பென்சில் குறிப்பும் எழுதி வைத்திருந்தேன். அண்ணை வெங்காயத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்தத் தாய் சுகமோ என்று கேட்டார்.

“சுகம் அண்ணை,” என்றேன். பன்னிரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்தை வாசித்தேன்.

ஞாயிறு ஆட்டிறைச்சிக் கறி வைத்தார். எனக்குப் பிடிக்கும் என்று எலும்புத் துண்டுகளைப் பொறுக்கி என் சோற்றுக் கோப்பையில் போட்டார். நானும் தின்றேன்.

வியாழன் இன்ரவியூ நன்றாகப் போனது. சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தவர், விம்பிள்டன்காரர்கள் கோட்டுகூடக் கழற்றாமல் எங்கள் கட்டில்களில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எப்ப என்று மட்டும் கேட்டார். போன கிழமை செவ்வாய் என்றார் தமையன். அண்ணை விரல்களை ஒவ்வொன்றாக மடித்தார். வெள்ளி வந்ததும் ஒருமுறை நிறுத்தினார், ஞாயிறு வந்ததும் நிறுத்தினார். பிறகு போய்க் குளித்துவிட்டு வந்தார்.

அவர்கள் போன பிறகு மேசையிலிருந்த நாவலை எடுத்துப் புரட்டினார். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் என் கையெழுத்து தெரியும். முந்திய வாசிப்புகளில் ஒருபோதும் கேட்டிராத தமிழ்ச் சொற்கள் பன்னிரண்டு பக்க ஓரத்திலும் இருந்தன. பாடை. மணியோசை. ஈரமண். ஒவ்வொன்றாக, விரல் வைத்து வாசித்தார்.

“கதையிலை செத்த தாய்க்கெண்டாலும் என்னை அழ விட்டிருக்கலாம், தம்பி. அதையும் எல்லோ மறைச்சனீ.”

நான் உங்களுடைய நன்மைக்குத்தான் என்று தொடங்கினேன். இவ்வளவு பழைய நாவல்களை வாசித்துக் காட்டியவன், அவை திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்றைக் கவனிக்கவில்லை. துக்கத்திலிருந்து எங்களைக் காப்பாற்றச் சொல்லி நாங்கள் யாரையும் கேட்பதில்லை, அது வரும்போது பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அண்ணைக்கு ஆளாக நான் இருந்தேன். ஆனால் ஒன்பது நாளும் அவருக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தேன்.

அந்த மாதமே அவர் இல்ஃபோர்டுக்குப் போய்விட்டார். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார், என்னிடம் சொல்லவில்லை. நான் அழிக்காமலே புத்தகத்தை நூலகத்தில் கொடுத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கணக்கியல் கடைசிச் சோதினைக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு காலையில் தொலைபேசி அடித்தது. ஏழு வருசத்துக்குப் பிறகும் குரல் உடனே தெரிந்தது.

“தம்பி, உன்ரை அம்மா நேற்று கண்ணை மூடிட்டா. சோதினை முடியுமட்டும் உனக்குச் சொல்லக்கூடாதெண்டு கதைச்சு வைச்சிருக்கினம். நான் சொல்லுறன்.”

சுவரோடு சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, போனை வைக்கவும் இல்லை. அவர் மூச்சு விடும் சத்தமும், எங்கோ பின்னால் ஒரு குழாயிலிருந்து தண்ணீர் ஓடும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. கடைசியில், என்னை மன்னித்துவிட்டீர்களா அண்ணை என்று கேட்டேன்.

“அது வேறை,” என்றார். “நீ இப்ப அழு.”